வளர்ந்த பிள்ளையை, சிறப்புத் தேவையுள்ள பிள்ளையை மகவேற்றல்: யாழ்ப்பாணக் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

மகவேற்பைப் பற்றி, அதாவது தத்தெடுப்பதைப் பற்றி, விசாரிக்க வரும் தம்பதியர் பெரும்பாலும் ஒரு கைக்குழந்தையையே மனதில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். ஆறு, எட்டு, பத்து வயதைக் கடந்த பிள்ளைகளும், செவிப்புலன் குறைந்தவர்களும், வலிப்பு நோயுள்ளவர்களும், ஓட்டிசம் அல்லது டவுன் சின்ட்ரோம் உள்ளவர்களும் அந்த நினைப்புக்குள் வருவதேயில்லை. அப்படியான பிள்ளையை ஏற்க எண்ணுகிறவர்களும், ஏற்ற பின் தடுமாறுகிறவர்களும், பெற்ற பிள்ளையைச் சிறுவர் இல்லத்தில் விடுவதா என்று தவிக்கும் பெற்றோரும் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. இவற்றில் திரும்பத் திரும்ப வருவது ஒரு கருத்துத்தான்: இப்படியான பிள்ளையை ஏற்கிற வீடு, வெளியிலிருந்து உதவியை ஏற்கவும் ஆயத்தமாக இருக்க வேண்டும். எல்லாவற்றையும் மதிலுக்குள் வைத்துக்கொள்ளும் நமது வழக்கம் இந்த விடயத்தில் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் கேடாகவே முடிகிறது.

இல்லங்களில் உள்ள பிள்ளைகள் யுத்தத்தில் பெற்றோரை இழந்தவர்களா?

2009 இல் யுத்தம் முடிந்தபோது சிறுவர்களாக இருந்தவர்கள் இன்று பெரியவர்கள். இப்போது இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்குத் தாய் தந்தையரில் ஒருவரேனும் உயிருடன் இருக்கிறார். வறுமை, தாய் வெளிநாட்டுக்கு வேலைக்குச் சென்றது, பெற்றோர் பிரிந்தது அல்லது மறுமணம் செய்தது, வீட்டில் வன்முறை, தந்தையின் குடி ஆகியவையே அவர்களை அங்கே கொண்டுவந்து சேர்த்த காரணங்கள். சிறப்புத் தேவையுள்ள பிள்ளையாயின் இன்னொரு காரணமும் சேர்ந்துகொள்கிறது: பக்கத்தில் சிகிச்சையோ பொருத்தமான பாடசாலையோ கிடைக்காமல், இல்லத்திலாவது கிடைக்கும் என்று நம்பிப் பெற்றோரே கொண்டுபோய் விட்டிருக்கிறார்கள்.

அப்படியானால் அவர்களை மகவேற்க முடியுமா?

எல்லோரையும் முடியாது. பெற்றோர் உயிருடன் இருந்தால் அவர்களின் சம்மதம் வேண்டும். பிள்ளையை அவர்கள் முற்றாகக் கைவிட்டுவிட்டார்கள் என்பது போன்ற நிலைமைகளில் மட்டுமே நீதிமன்றம் அந்தச் சம்மதமின்றித் தீர்மானிக்கும். மாதம் ஒருமுறை வந்து பார்த்துவிட்டு, கையில் ஒரு விசுக்கோத்துப் பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போகும் தாய் பிள்ளையைக் கைவிட்டவளல்ல.

மகவேற்பு ஒன்றே வழியும் அல்ல. 1939 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கச் சிறுவர் மற்றும் இளம் ஆட்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ், பராமரிப்புத் தேவைப்படும் பிள்ளையை உறவினரிடமோ பொருத்தமான வேறொருவரிடமோ நீதிமன்றம் ஒப்படைக்கலாம். இந்த ஏற்பாட்டில் பெற்றோருடனான சட்ட உறவு அறுவதில்லை. பிள்ளை ஒரு குடும்பத்துக்குள் வாழ்கிறது. பத்து வயதைக் கடந்து, தாயை நன்றாக நினைவில் வைத்திருக்கும் பிள்ளைக்கு இது பல வேளைகளில் மகவேற்பைவிடப் பொருத்தமானது என்பது என் எண்ணம். "எங்கள் பெயரில் எழுதினால்தான் எங்கள் பிள்ளை" என்று பிடிவாதமாக நிற்கிறவர்கள் இதை ஆறுதலாக யோசிக்க வேண்டும்.

சட்டம் என்ன கேட்கிறது? எங்கிருந்து தொடங்குவது?

1941 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கப் பிள்ளைகள் மகவேற்புக் கட்டளைச் சட்டமே அடிப்படை. விண்ணப்பிப்பவர் 25 வயதுக்குக் குறையாதவராகவும் பிள்ளையைவிடக் குறைந்தது 21 வயது மூத்தவராகவும் இருக்க வேண்டும். நெருங்கிய உறவுகளுக்குள் நடக்கும் மகவேற்பில் இதற்கு விலக்குகள் உண்டு. திருமணமானவர்கள் கணவனும் மனைவியுமாகச் சேர்ந்து விண்ணப்பிப்பார்கள். தனித்து வாழும் ஆண் ஒருவருக்குப் பெண்பிள்ளையை ஒப்படைப்பதற்குச் சட்டம் விசேட காரணங்களைக் கேட்கும்.

வட மாகாண நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புச் சேவைகள் திணைக்களத்திடம் விண்ணப்பிக்க, நன்னடத்தை உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்து அறிக்கை தயாரிப்பார். பொருத்தமான பிள்ளை இனங்காணப்பட்ட பின் மாவட்ட நீதிமன்றத்தில் மனுத் தாக்கல் செய்யப்படும். உடனடியாக இறுதிக் கட்டளை வழங்காமல், பிள்ளை அந்த வீட்டில் எப்படி இருக்கிறது என்று பார்ப்பதற்காக இடைக்காலக் கட்டளையொன்றை வழங்கவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. சிலர் இதைத் தங்கள் மீதான சந்தேகமாக எடுத்துக்கொள்கிறார்கள். வளர்ந்த பிள்ளையைப் பொறுத்தவரை அந்தக் காலம் இரு தரப்புக்கும் தேவையானது.

இடைத்தரகர் ஒருவர் பணத்துக்குப் பிள்ளையை ஒழுங்குசெய்து தருவதாகச் சொன்னால் அந்த இடத்திலேயே பேச்சை நிறுத்துங்கள். நீதிமன்றத்தின் அனுமதியின்றி மகவேற்புக்காகப் பணம் கொடுப்பதும் வாங்குவதும் சட்டவிரோதம். 1980 களில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் இந்த நாட்டிலிருந்து ஐரோப்பாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அவர்களில் பலர் இன்று பொய்யாக எழுதப்பட்ட பிறப்புப் பதிவுகளோடு தம் தாய்மாரைத் தேடி அலைகிறார்கள். அதற்குத் தரகர்களே பெரும் காரணம்.

பிள்ளையிடம் கேட்பார்களா?

10 வயதுக்கு மேற்பட்ட பிள்ளையின் சம்மதமின்றி மகவேற்புக் கட்டளை வழங்க முடியாது. பேச முடியாத, அல்லது விளங்கிக்கொள்வதில் தாமதமுள்ள பிள்ளைக்கும் விருப்பு வெறுப்பு உண்டு. சைகையாலோ படங்களாலோ கேட்கலாம். சந்திப்புகளின்போது அது யாருக்குப் பக்கத்தில் போய் இருக்கிறது, யாரைக் கண்டால் ஒதுங்குகிறது என்பதைக் கவனிக்கலாம். ஒரே நாளில் கூட்டிக்கொண்டு வரவேண்டாம். முதலில் இல்லத்தில் சந்திப்பு, பிறகு பகலில் சில மணி நேரம் உங்கள் வீட்டில், பிறகு ஓரிரு இரவுகள் என்று படிப்படியாகச் செல்ல அனுமதி கேளுங்கள்.

தேசவழமைப்படி சொத்துரிமை எப்படி அமையும்?

யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையிலேயே, 1706 இல் அது எழுத்தில் தொகுக்கப்பட்டபோதே, உரித்தாளரின் சம்மதத்தோடு மஞ்சள் நீர் குடித்துப் பிள்ளையை ஏற்கும் முறை சொல்லப்பட்டிருக்கிறது. பிறர் பெற்ற பிள்ளையைத் தன் பிள்ளையாக்குவது நமது மண்ணுக்குப் புதியதல்ல என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன். இன்று அந்தச் சடங்கை மட்டும் செய்து சட்டபூர்வமான உரிமையைப் பெற முடியாது. நீதிமன்றக் கட்டளை கிடைத்ததும் பிள்ளை உங்கள் திருமணத்தில் பிறந்த பிள்ளையாகவே சட்டத்தால் கருதப்படும். ஆயினும் மகவேற்புக்கு முன் எழுதப்பட்ட உறுதிகளின்படி உங்கள் பிள்ளைகளுக்குச் சேரும் சொத்திலும், நீங்கள் பெற்ற பிள்ளையின் வழியாக வரும் உரித்திலும் வரையறைகள் உள்ளன. காணி, வீடு, சீதனச் சொத்து உள்ளவர்கள் மனுத் தாக்கல் செய்யும் காலத்திலேயே சட்டத்தரணியுடன் இதைப் பேசிவிடுவது நல்லது.

பிள்ளை எந்த ஊர், என்ன சாதி என்று அறியலாமா?

இந்தக் கேள்வி நேராக வருவது குறைவு, "எந்தப் பக்கத்துப் பிள்ளை?" என்று சுற்றிவளைத்து வரும். பிள்ளையின் நோய் வரலாறு, அது கண்டும் அனுபவித்தும் வந்தவை, உடன்பிறந்தவர்கள், சமயம் ஆகியவற்றை அறிவது அவசியம். சாதியை அறிந்துதான் முடிவெடுப்போம் என்பவர்கள் தயவுசெய்து விண்ணப்பிக்க வேண்டாம். அந்தக் கேள்வி மனதில் இருக்கும் வீட்டில், பிள்ளை முதன்முறை பொய் சொன்னதும் "அதன் புத்தி" என்ற சொல் வந்துவிடும்.

ஏற்பதற்கு முன் எவற்றைக் கேட்டு அறிய வேண்டும்?

பிறப்பு விவரம், தடுப்பூசி அட்டை, கிளினிக் கொப்பி, தற்போது எடுக்கும் மருந்துகளும் அவற்றின் அளவும், சத்திர சிகிச்சைகள், காது, கண் பரிசோதனை முடிவுகள் ஆகியவற்றை எழுத்தில் பெறுங்கள். எத்தனை இடங்களில் மாறி மாறி வாழ்ந்தது என்பதைக் கட்டாயம் கேளுங்கள். ஒவ்வொரு இடமாற்றமும் பிள்ளைக்கு ஓர் இழப்பு. இல்லத்துப் பொறுப்பாளரைவிட அங்கே சமைக்கிற, குளிக்க வார்க்கிற அம்மாவுக்குப் பிள்ளையைப் பற்றிக் கூடுதலாகத் தெரிந்திருக்கும். எதைக் கண்டால் பயப்படும், எப்படி நித்திரையாகும், எந்தச் சாப்பாட்டைத் தள்ளிவைக்கும், அழுதால் என்ன செய்தால் அடங்கும் என்று அவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மருத்துவ அறிக்கையில் கிடைக்காத விடயங்கள் அவை.

வந்த புதிதில் நல்ல பிள்ளையாக இருந்தவன் சில மாதங்களில் மாறிவிட்டான். நாங்கள் எங்கே பிழைவிட்டோம்?

பெரும்பாலும் நீங்கள் பிழைவிடவில்லை. புதிய வீட்டில் விருந்தாளியைப்போல அடங்கியிருந்த பிள்ளைக்கு, இது நிலைக்குமா என்ற கேள்வி மெல்ல மெல்ல எழுகிறது; அதைச் சொற்களால் கேட்கத் தெரியாததால் நடத்தையால் கேட்கிறது. தலையணைக்குக் கீழே பாண் துண்டுகளை ஒளித்துவைக்கும். பத்து வயதில் படுக்கையை நனைக்கும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே பொருளை உடைக்கும். ஒரு சிறுவன் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தன் உடுப்புகளை மடித்துப் பையில் வைத்துவிட்டு வாசற்படியில் இருப்பான். அவனை முன்பு இடம் மாற்றியதெல்லாம் வெள்ளிக்கிழமைகளிலேயே. "எப்ப என்னைத் திருப்பிக் கொண்டுபோய் விடுவியள்?" என்று அவன் கேட்டது பல மாதங்களுக்குப் பிறகுதான். அதுவரை வீட்டார் அதைப் பிடிவாதம் என்றே நினைத்திருந்தார்கள்.

பாண் ஒளிக்கும் பிள்ளையிடம் திருட்டைப் பற்றிப் பேசிப் பயனில்லை. பசித்திருந்து பழகிய உடல், வயிறு நிறைந்த பிறகும் நெடுங்காலம் அந்தப் பயத்தை வைத்திருக்கும். மூடியுள்ள ஒரு பெட்டியில் வாழைப்பழமும் விசுக்கோத்தும் வைத்து, இது உன்னுடையது, எந்த நேரமும் எடுக்கலாம், முடிந்தால் நிரப்புவோம் என்று சொல்லுங்கள், சொன்னபடி நிரப்புங்கள். படுக்கையை நனைத்தால் சத்தமில்லாமல் விரிப்பை மாற்றுங்கள். தொடர்ந்தால் சிறுநீர்த் தொற்று உண்டா என்று வைத்தியரிடம் பாருங்கள். சாப்பாடு, குளிப்பு, படிப்பு, படுக்கை ஆகியவை நாளும் ஒரே ஒழுங்கில் நடக்கட்டும். நாளைய நிகழ்ச்சி மாறுமாயின் முதல்நாளே சொல்லிவிடுங்கள். சொல் விளங்காத பிள்ளைக்குப் படம் வரைந்து சுவரில் ஒட்டுங்கள்.

அடிக்க வேண்டாம். "ஒரு அடி போட்டால் சரி" என்று மாமனும் மாமியும் சொல்வார்கள். அடிபட்டு வந்த பிள்ளைக்கு உங்கள் அடி, பெரியவர்கள் எல்லோரும் ஒன்றுதான் என்பதையே உறுதிப்படுத்தும். "திருப்பி விட்டுவிடுவேன்" என்று கோபத்திலும் சொல்லக்கூடாது.

சில நடத்தைகள் அன்பாலும் ஒழுங்காலும் மட்டும் தீரமாட்டா. நித்திரையில் அலறுதல், தன்னைத்தானே காயப்படுத்தல், சிறிய பிள்ளைகளிடம் பாலியல் ரீதியாக நடந்துகொள்ளல் ஆகியவற்றைக் கண்டால் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் உளநல மருத்துவரை நாடுங்கள். உளவளத்துணைப் பணியில் சாந்திகம் போன்ற நிறுவனங்களுக்கு இங்கே நீண்ட அனுபவம் உண்டு. அயலவர் கண்டுவிடுவார்கள் என்று அஞ்சிக் கிளினிக் திகதியைத் தவறவிட்ட குடும்பங்களையும், மருந்தை நோயின் பெயரே தெரியாமல் வேறு ஊரில் வாங்கிக் கொடுத்த குடும்பங்களையும் கண்டிருக்கிறேன். அந்த அச்சத்துக்கு விலை கொடுப்பது பிள்ளை.

வலிப்பு நோயுள்ள பிள்ளையை வீட்டில் எப்படிப் பார்ப்பது?

மருந்தை வேளை தவறாமல் கொடுப்பதே முதல் வேலை. விரதம், பயணம், "இப்போது நன்றாகத்தானே இருக்கிறது" என்ற எண்ணம் எதற்காகவும் திடீரென நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் நீடித்த, ஆபத்தான வலிப்பு வரலாம். வலிப்பு வரும்போது கையில் திறப்போ இரும்போ கொடுப்பதாலும் வாயில் கரண்டி வைப்பதாலும் பயனில்லை. பல் உடையும், மூச்சு அடைபடும். பிள்ளையைப் பக்கவாட்டாகப் படுக்கவைத்து, தலைக்குக் கீழே மென்மையான துணியை வைத்து, நேரத்தைப் பாருங்கள். 5 நிமிடத்தைத் தாண்டினால் 1990 இலக்கத்தை அழைத்து அம்புலன்ஸை வரவழையுங்கள். அந்தச் சேவை இலவசம்.

வீட்டில் என்ன மாற்றங்கள் வேண்டும்?

கிணற்றை முதலில் கவனியுங்கள். நமது வளவுகளில் கட்டுக்கிணறு திறந்தே கிடக்கிறது. ஓட்டிசம் உள்ள பிள்ளைகள் பலர் தண்ணீரை நாடிப் போவார்கள், ஆபத்தை உணரமாட்டார்கள். பிள்ளை வருவதற்கு முன்பே கிணற்றுக்கு இரும்பு வலை போட்டுப் பூட்டிவிடுங்கள்; படலைக்கும் பிள்ளையின் கை எட்டாத உயரத்தில் கொளுக்கி பூட்டுங்கள். சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளைக்குப் படியோரம் சாய்தளமும் மலசலகூடத்தில் கைபிடியும் வேண்டும். நற்காரியங்களில் வெடிச்சத்தமும் தவில், நாதஸ்வரமும் காதுக்கு நெருக்கமாக ஒலிப்பதைச் சில பிள்ளைகளால் தாங்க முடியாது. நல்லூர்த் திருவிழாவுக்குக் கூட்டிச் செல்வதானால் நெரிசலில்லாத வேளையில், சிறிது நேரத்துக்கு மட்டும் செல்லலாம்.

எந்தப் பாடசாலையில் சேர்ப்பது?

வயதுக்கேற்ற வகுப்பைவிடப் பிள்ளையின் நிலைக்கேற்ற இடமே முக்கியம். அரச பாடசாலைகள் சிலவற்றில் விசேட கல்வி அலகுகள் உள்ளன. உங்கள் வலயக் கல்விப் பணிமனையில் விசேட கல்விக்குப் பொறுப்பான உத்தியோகத்தரிடம் கேளுங்கள். கைதடி நவீல்ட் பாடசாலை செவிப்புலன், விழிப்புலன் குறைந்த பிள்ளைகளுக்கு நெடுங்காலமாகக் கல்வி அளித்து வருகிறது. விழிப்புலனற்றோருக்குச் சுன்னாகத்தில் வாழ்வகமும், அறிவு வளர்ச்சியில் தாமதமுள்ளோருக்குக் கோண்டாவிலில் சிவபூமிப் பாடசாலையும் உள்ளன. செயற்கைக் கால், சக்கர நாற்காலி போன்ற தேவைகளுக்கு யாழ்ப்பாணத்து ஜெய்ப்பூர் நிலையத்தை நாடலாம். பரீட்சைகளில் மேலதிக நேரம், எழுதுவதற்கு உதவியாளர் போன்ற சலுகைகளுக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். கடைசி நேரத்தில் கேட்டுக் கிடைக்காமற் போவது வழமை.

எங்களுக்கு ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள். அவர்கள் பாதிக்கப்படமாட்டார்களா?

பாதிப்பு இருக்கும்; மறைக்க வேண்டியதில்லை. அம்மாவின் நேரம் குறையும், விளையாட்டுப் பொருள் உடையும், நண்பர்கள் கேலி செய்வார்கள். முடிவெடுப்பதற்கு முன் அவர்களிடமும் கேளுங்கள். நாளில் சிறிது நேரமாவது அவர்களோடு தனியாக இருங்கள். எதிர்காலத்தில் இந்தத் தம்பியை நீதான் பார்க்க வேண்டும் என்று பத்து வயதுப் பிள்ளையின் தோளில் பாரம் ஏற்ற வேண்டாம்.

பெற்ற தாய் வந்து பார்க்கலாமா? பெயரை மாற்றலாமா?

வளர்ந்த பிள்ளையிடம் அதன் கதையை மறைக்க முடியாது. பெயர் அது கொண்டுவந்த மிகச் சில உடைமைகளில் ஒன்று, அதை விட்டுவையுங்கள். தாயையோ சகோதரர்களையோ காண்பது பிள்ளைக்குப் பாதுகாப்பானதா என்பதை நன்னடத்தை உத்தியோகத்தருடன் பேசி முடிவெடுங்கள். பாதுகாப்பானதாயின் தொடர்பை விடாதீர்கள். குறிப்பாக, வேறு இல்லத்தில் இருக்கும் அக்காவுடனோ தம்பியுடனோ உள்ள தொடர்பை.

பெற்றது நாங்கள். பார்க்க முடியவில்லை. இல்லத்தில் விடலாமா?

இந்தக் கேள்வியைக் கேட்கும் தாய்மாரைக் குறைகூறும் உரிமை யாருக்கும் இல்லை. இரவில் நித்திரையில்லை, கணவன் விட்டுப்போய்விட்டார், உறவினர் நற்காரியங்களுக்கு அழைப்பதில்லை, கிளினிக் போகும் நாளில் கூலி இல்லை. ஆனாலும் இல்லத்தில் விடுவதற்கு முன் கேட்க வேண்டிய உதவிகள் உண்டு. பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைச் சந்தித்து மாற்றுத்திறனாளிகளுக்கான மாதாந்தக் கொடுப்பனவுக்கும் அரசின் நலன்புரித் திட்டமான அஸ்வெசும உதவிக்கும் விண்ணப்பியுங்கள். இயன்மருத்துவமும் பேச்சுச் சிகிச்சையும் அரச வைத்தியசாலையில் கட்டணமின்றிக் கிடைக்கும். வீட்டில் செய்யக்கூடிய பயிற்சிகளை எழுதித் தருமாறு கேளுங்கள். 1991 இல் இலங்கை ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 23 ஆவது உறுப்புரை, வலுவிழந்த பிள்ளையையும் அதைப் பராமரிப்பவரையும் அரசு தாங்க வேண்டும் என்கிறது. ஆகவே நீங்கள் கேட்பது பிச்சையல்ல.

அயலவருக்கு ஒரு வேண்டுகோள். வாரத்தில் ஒரு பிற்பகல் அந்தப் பிள்ளையோடு இருந்து, தாய் குளித்து, சந்தைக்குப் போய், சிறிது படுத்தெழும்ப விடுங்கள். அந்த மூன்று மணி நேரம் கிடைக்காததால் இல்லத்துக்குப் போன பிள்ளைகள் உண்டு.

ஏற்றுவிட்டோம், ஆனால் தாங்க முடியவில்லை. யாரிடம் சொல்வது?

முறிந்துபோகும் வரை காத்திருக்காமல் நன்னடத்தை உத்தியோகத்தரிடமும் வைத்தியரிடமும் சொல்லுங்கள். உண்மையைச் சொன்னால் பிள்ளையைப் பறித்துவிடுவார்கள் என்று அஞ்சிப் பலர் "எல்லாம் நல்லம்" என்று அறிக்கைக்குச் சொல்லிவிடுகிறார்கள். களைப்பு ஒரு குற்றமல்ல. தாயும் தகப்பனும் முறைவைத்துப் பிள்ளையைப் பார்க்க வேண்டும். தாய் மட்டும் சுமக்கும் வீடுகளே விரைவில் முறிகின்றன. இதே நிலையிலுள்ள இரண்டு மூன்று குடும்பங்கள் மாதம் ஒருமுறை ஒரு வீட்டில் கூடிப் பேசினால், அறிவுரையை விட அது கூடுதலாக உதவும். பிள்ளைக்கு யாராலும் ஆபத்து இருப்பதாக ஐயம் எழுந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்தை எந்நேரமும் அழைக்கலாம்.

கனடாவிலும் லண்டனிலும் உள்ள உறவினர் ஏற்க விரும்புகிறார்கள். முடியுமா?

வெளிநாட்டுப் பிரசைகளாயின் அவர்கள் வாழும் நாட்டின் அதிகாரம் பெற்ற அமைப்பினூடாகவே விண்ணப்பம் வர வேண்டும். உள்நாட்டுக் குடும்பத்துக்கே முன்னுரிமை. நாடுகளுக்கிடையிலான மகவேற்பை ஒழுங்குபடுத்தும் ஹேக் உடன்படிக்கையை இலங்கை 1995 இல் ஏற்றுக்கொண்டது. நல்லெண்ணம் இருந்தாலும், மொழி மாறி, பாடசாலை மாறி, தெரிந்த முகமே இல்லாத இடத்துக்குச் செல்வது ஓட்டிசம் உள்ள பிள்ளைக்குப் பெரும் அதிர்ச்சி. இங்குள்ள ஒரு குடும்பத்துக்கு ஓட்டோச் செலவையும் செவிக்கருவியின் மின்கலச் செலவையும் மாதந்தோறும் தவறாமல் அனுப்புவது பல நேரங்களில் அதைவிட நல்ல உதவி.

எங்களுக்குப் பிறகு?

பிள்ளை தானே முடிவெடுக்க முடியாத நிலையில் வளர்ந்தவராக இருப்பாராயின், அவருக்கும் அவரது சொத்துக்கும் பொறுப்பானவரை நியமிக்குமாறு மாவட்ட நீதிமன்றத்தைக் கேட்கலாம். மரணசாசனத்தை நொத்தாரிசு ஒருவர் மூலம் எழுதுங்கள். யார் பார்ப்பார் என்பதை அந்த நபரிடம் நேரில் கேட்டுச் சம்மதம் பெற்ற பின் எழுதுங்கள். இப்போதிருந்தே அவரைப் பிள்ளையோடு பழகவிடுங்கள். சமைத்தல், உடுப்புத் தோய்த்தல், கடைக்குப் போய் மிச்சக் காசை எண்ணி வாங்குதல் என்று பிள்ளையால் முடிந்ததைக் கற்பியுங்கள்.

நாளைக்கே என்ன செய்யலாம்?

உங்கள் பிரதேச செயலகத்துக்குச் சென்று சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரைச் சந்தியுங்கள். உங்கள் பிரிவுக்குரிய நன்னடத்தை உத்தியோகத்தர் யார், எந்த நாட்களில் அலுவலகத்தில் இருப்பார் என்று அவர் சொல்வார். பிறப்புச் சான்றிதழ்கள், விவாகச் சான்றிதழ், அடையாள அட்டைகள், வருமானத்துக்கான ஆதாரம், மருத்துவச் சான்றிதழ், கிராம அலுவலரின் வதிவிடச் சான்றிதழ் ஆகியவற்றின் பிரதிகளைக் கொண்டு செல்லுங்கள். விண்ணப்பத்தில் எந்த வயதுப் பிள்ளை, எப்படியான தேவையுள்ள பிள்ளை என்ற இடத்தை வெறுமையாக விடாதீர்கள். வலிப்பு நோய் என்றால் முடியும், ஆனால் தூக்கிப் பராமரிக்க வேண்டிய பிள்ளையை எங்கள் வயதில் முடியாது என்பது போல உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். உத்தியோகத்தர் பிள்ளையைப் பொருத்திப் பார்ப்பது அதை வைத்துத்தான்.